கம்பெனியை இழுத்து வந்தவளுக்கு டீசல் காசு

தேங்காய்த்திட்டு துறைமுகத்தில், இன்ஜின் நின்றுபோன படகொன்றை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்ததைப் பார்த்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. பக்கத்தில் என் சித்தி ஏலத்தில் மும்முரமாக இருந்தாள். ஓட்டல்களுக்கு மீன் போடுகிறவள்.

"இழுத்துட்டு வந்தவங்களுக்கு இன்னா கெடைக்கும் சித்தி?"

"டீசல் காசு. இன்ஜின் நின்ன படகு மீன வித்ததும் மொதல்ல அத எடுத்து வெச்சிட்டுதான் மத்த கணக்கு. இதுகூடத் தெரியாம நீ இன்னாடி வக்கீலு?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நீயும் அதத்தானே பண்ண? ஐஸ் கம்பெனிய நீதானே இழுத்துட்டு வந்த!"

துறைமுகத்துக்கு ஐஸ் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் வைத்திக்குப்பத்துக் குடும்பங்கள் பலவற்றுக்குப் பங்கு உண்டு, சித்திக்கும் கொஞ்சம். அப்போதிருந்த டைரக்டர், கம்பெனி மனையைத் தன் மருமகனுக்கு அடிமாட்டு விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வழக்குப் போடவேண்டியது கம்பெனி. கம்பெனியோ அவர் சட்டைப்பையில். இப்படிச் சிக்கிக்கொண்ட கம்பெனிக்காக ஒரு பங்குதாரரே கோர்ட்டுக்குப் போகலாம். சித்தி போனாள். ஃபீஸுக்காகத் தன் லோடு ஆட்டோவை விற்றாள். ஜெயித்தாள். மனை திரும்பியது, கம்பெனிக்கு. சித்தி கைக்கு எதுவும் வராது. வழக்கு அவளுடையது அல்ல, கம்பெனியுடையதாம்!

தீர்ப்பின் கடைசி வரியை நான்தான் போனில் வாசித்துக் காட்டினேன்: 'செலவுத்தொகை இல்லை.' அன்று சாயங்காலம் போனால், சித்தி தெருவுக்கே ஜாங்கிரி கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

"ஜட்ஜய்யா தங்கமான மனுஷன்டி. செலவே இல்லன்னுட்டாரு. வக்கீலு எப்ப காசத் திருப்பித் தருவாரு?"

அவரவர் செலவு அவரவர் தலையில் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நான் சொன்னதும், கையிலிருந்த ஜாங்கிரியைத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். "அப்ப என் வண்டி?" என்றாள். அதற்கப்புறம் வாடகை ஆட்டோவில், மீன்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டுதான் ஓட்டல் ஓட்டலாகப் போகிறாள். புடவையெல்லாம் ஐஸ் தண்ணீர்.

துறைமுகத்திலிருந்து நேராக ஆபீசுக்கு ஓடினேன். பலன் கம்பெனிக்கு என்றால், நியாயமாக வழக்குப் போட்டவரின் செலவையும் கம்பெனியே ஏற்கட்டும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. சித்தியின் வழக்கை நடத்திய வக்கீலோ, செலவை டைரக்டரிடம் மட்டும் கேட்டிருந்தார். கம்பெனியிடம் கேட்கவே இல்லை! குதித்துக்கொண்டு போய் என் சீனியரிடம் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "தீர்ப்ப மறுபடி பாருங்கன்னு மனு போட்டா கோர்ட் லேசுல ஒத்துக்காதும்மா. அதுலயும் கம்பெனி எதிர்த்துச்சுன்னா அவ்ளோதான். எதிர்க்கலன்னா... ஒரு கை பாக்கலாம்."

அது போதும் எனக்கு. மனு எழுதியாகிவிட்டது. கம்பெனி எதிர்க்காமலிருக்கப் பங்குதாரர்கள் சம்மதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வைத்திக்குப்பத்தில் வீடு வீடாக ஏறப் போகிறேன். சித்தியும் வருகிறாளாம்.

"நீ வேணாம் சித்தி. சண்டையாயிடும்."

"நான் வாயே தொறக்க மாட்டேன், போடி."

நம்பவில்லை. ஆனாலும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன். முதலில் ஏறப்போவது அந்தப் பழைய டைரக்டரின் அக்கா வீட்டில். அந்த அக்காவே சரியென்றால் மற்றவர்கள் மறுக்கமாட்டார்கள்.