வாத்துக்குத் தெரிந்த பல்வரிசை

நவம்பர் பிறந்ததும் தொகுஜி தன் முடிதிருத்தும் கடையிலிருந்த வாசனைத் தைலப் புட்டிகளை அட்டைப் பெட்டியில் போட்டுப் பரணில் ஏற்றிவிடுவார். பிப்ரவரி நடுவில் வாத்து வேட்டைப் பருவம் முடியும் வரை அவரிடம் தலையைக் கொடுத்தவர்கள் வெறும் தண்ணீர் தெளித்த தலையோடுதான் வீடு போக வேண்டும். யாராவது முனகினால், "உங்க தலை வாசனை என் கையில ஒட்டிக்கிட்டு குளத்து மேட்டுக்கு வருது. வாத்து மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுது," என்பார். வாத்துக்கு மோப்பம் அவ்வளவு கிடையாது என்று பள்ளி ஆசிரியர் ஒருவர் கத்தரிக்கோலுக்குக் கீழே உட்கார்ந்தபடியே சொல்லிப் பார்த்தார். அன்றைக்கு அவருக்குக் காதோரம் கொஞ்சம் அதிகமாகவே குறைந்தது.

கடையில் அவர் வாய் ஓய்ந்து யாரும் பார்த்ததில்லை. அப்படிப்பட்ட மனிதர் குளத்து மேட்டில் பைன் மரங்களுக்கிடையே குந்திவிட்டால் அடையாளம் தெரியாது. மின்னிவிடும் என்று கைக்கடிகாரம் வேட்டைக்காரர்கள் கூடும் குடிசையிலேயே தங்கிவிடும். சட்டைப் பொத்தான் ஒவ்வொன்றுக்கும் மனைவி சுமியே தைத்துக் கொடுத்த கறுப்பு உறை உண்டு. பகலெல்லாம் குளத்தில் தூங்கும் வாத்துகள் சூரியன் மறைந்ததும் மேட்டைத் தாண்டி வயலுக்கு இரை தேடிப் போகும். அந்த இருபது நிமிஷம்தான் வேட்டை. துப்பாக்கி கிடையாது. கவட்டைக் கம்பில் கட்டிய வலையை நேரே வானத்தில் எறிய வேண்டும். கீழே ஆள் இருப்பது கண்ணில் பட்டால் வாத்து சடாரென்று உயரும். அப்புறம் வலை எட்டாது.

சிறகுச் சத்தத்தை வைத்துத்தான் எறிவது. அதற்காகத் தொகுஜி வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொள்வார். "வாய் மூடினா பாதிக் காது அடைஞ்சிடும்," என்பது அவர் கட்சி. துணியால் வாயை மறைக்கவும் மாட்டார். மூச்சு துணியில் உரசுகிற சத்தமே பெரிதாகக் கேட்குமாம். முப்பது வருஷமாக இந்தத் திறந்த வாயால் ஒரு கெடுதலும் வந்ததில்லை. உள்ளே பளிச்சிட எதுவும் மிச்சமில்லை என்பதுதான் காரணம்.

இந்த வருஷம் வந்தது வினை. மகள் சிஹாருவுக்கு ஒசாகாவில் மாப்பிள்ளை அமைந்தது. சம்பந்தி உகாய் பல் மருத்துவர். வானத்தில் வலை எறிந்து வாத்துப் பிடிப்பேன் என்று தொகுஜி சொன்னதும், தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று சொல்லும் நோயாளியைப் பார்ப்பதுபோல, "ஓ, அப்படியா!" என்று புன்னகைத்தார் டாக்டர். தொகுஜிக்குச் சுருக்கென்றது. "கல்யாணத்துக்குள்ள என் கையால பிடிச்ச வாத்தை உங்க தட்டுல வைக்கலேன்னா நான் தொகுஜி இல்ல," என்று சபதம் போட்டுவிட்டார். டாக்டரும் தன் பங்குக்கு ஒரு பல்செட்டைத் தானே செய்து பரிசாகக் கொடுத்தார். அவ்வளவு வெள்ளையை அந்த ஊர் பனியில்தான் பார்த்திருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு வாத்து கூட விழவில்லை. பக்கத்து மரத்தடியில் குந்தும் டோஃபு வியாபாரி கென்சாகு சும்மா இருப்பாரா? "யோவ், வாயில வெளக்கு ஏத்தி வெச்சுக்கிட்டு ஒளிஞ்சுக்கிறியே. கழட்டி ஜேபியில போடுய்யா!"

"சம்பந்தி குடுத்ததைக் கழட்டுறதா? பொண்ணோட மரியாதை என்னாகும்?" தொகுஜி சண்டைக்குப் போனார். ஆனால் வீட்டில் சோறு இறங்கவில்லை. வாக்குப் போனாலும் அவமானம், பல்லைக் கழற்றினாலும் அவமானம். அவர் உண்மையிலேயே துவண்டு போனார்.

பருவத்தின் கடைசி நாள் டாக்டரே வந்து நின்றார். "நானும் பக்கத்துல உக்காந்து பாக்கலாமா?" யார் எந்த இடத்தில் குந்துவது என்று குடிசையில் சீட்டுக் குலுக்கியதில் தொகுஜிக்கு நல்ல இடம் விழுந்தது. எதிர்க்காற்றும் பலமாக வீசியது. வாத்து தாழ்ந்து வரும் காற்று அது.

"கண்ணாடியக் கழட்டிருங்க சம்பந்தி. மின்னும்."

டாக்டர் கழற்றினார். இருட்டு கூடியது. சிறகுகள் விசிறிக்கொண்டு வந்தன. தொகுஜி வாயைத் திறந்தார். தலைக்கு மேலே வந்த கூட்டம் அப்படியே உயர்ந்து விலகியது. அடுத்ததும் அப்படியே. வானத்தில் இன்னும் ஐந்து நிமிஷ வெளிச்சம்தான் பாக்கி.

கண்ணாடி இல்லாத டாக்டருக்கு மரமும் தெரியவில்லை, மனிதரும் தெரியவில்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெளிவாகத் தெரிந்தது. தன் கையால் செய்தது, தெரியாமலா போகும்? அவர் கைக்குட்டையை விரித்துத் தொகுஜியின் மோவாய்க்குக் கீழே நீட்டினார்.

"துப்புங்க," என்றார் மெதுவாக. இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் சொல்லிவந்த வார்த்தை.

தொகுஜி ஒரு கணம் தயங்கினார். பிறகு பல்லைக் கழற்றிக் கைக்குட்டையில் வைத்தார். டாக்டர் அதை மூடிச் சட்டைப் பைக்குள் தள்ளுவதற்குள் குளத்துப் பக்கம் சிறகுச் சத்தம் எழுந்தது. இந்தத் தடவை அது உயரவில்லை. வலை ஜிவ்வென்று மேலே போனது. புதருக்குள் தொப்பென்று கனமாக ஏதோ விழுந்து படபடத்தது.

கென்சாகு தன் மரத்தடியிலிருந்தே கூவினார். டாக்டர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, புதரிலிருந்து வாத்தோடு வந்தவரிடம் கைக்குட்டையை நீட்டினார். தொகுஜி அதை வாங்கவில்லை. வாத்தைச் சம்பந்தியின் இரண்டு கையிலும் வைத்துவிட்டு, பொக்கை வாயை முழுசாகத் திறந்து சிரித்தார்.