அக்கா கடையின் சில்வர் டப்பாக்கள்

என் சமையலறை அலமாரியில் அன்று வரிசையாக இருந்த மூன்று சில்வர் டப்பாக்களை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமும் சிரிப்பும் சேர்ந்தே வருகின்றன. மூன்றும் என்னுடையவை அல்ல. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் என் அலுவலகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அக்காவுடையவை. அங்கே வாழையிலைதான் தட்டு. எச்சில் இலையும் காய்கறித் தோலும் கொல்லைப்புற உரத் தொட்டிக்குப் போகும். ஸ்ட்ரா கேட்டால், "வாய் நல்லாத்தானே இருக்கு, குடிங்க லா" என்பார். வீட்டுக்குச் சோறு பூங்குஸ், அதாவது பார்சல், கட்ட வேண்டுமென்றால் நாம்தான் டப்பா கொண்டுபோக வேண்டும். மறந்தவர்களுக்குத் தன் டப்பாவையே கொடுத்து, "நாளைக்குக் கொண்டாந்துடுங்க" என்று சொல்லி அனுப்புவார். பேர் எழுதி வைப்பதெல்லாம் கிடையாது.

போன டப்பா திரும்பவில்லை. இரண்டே மாதத்தில் கடைச் சுவரில் டப்பாக்கள் அடுக்கியிருந்த அலமாரித் தட்டுகள் காலி. நம் ஜனங்களை நம்பினால் இப்படித்தான் என்று ஆளாளுக்கு அக்காவுக்குப் புத்தி சொன்னார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, கிள்ளான் ரயிலைப் பிடிக்கும் அவசரத்தில் நான் போய் நின்றபோது, பிளாஸ்டிக் டப்பா விற்கும் சீன அங்கிளிடம் அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை சரக்கு வருகிறதாம். போனை வைத்துவிட்டு, "தோத்துட்டேன்மா" என்றார். கடையையே அதட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

எனக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, உங்க டப்பா மூணு என் வீட்டுலதான் இருக்கு. கழுவித் தொடச்சு வச்சிருக்கேன். ஏதாச்சும் செஞ்சு போட்டுக் கொடுக்கலாம்னு பார்த்தேன், டைமே இல்ல. வெறும் டப்பாவ எப்படிக்கா திருப்பிக் கொடுக்கறது?"

ஓரத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த டீச்சர் மெல்லத் தலை தூக்கினார். "என் வீட்டுல நாலு. பாயசம் வைக்கலாம்னு இருந்தேன்." டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர், தன் மனைவி முறுக்குச் சுட நாள் பார்த்துக்கொண்டிருப்பதாக ஒப்புக்கொண்டார். யாரும் திருடவில்லை. அடுத்தவர் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று எங்கள் அம்மாக்கள் சொல்லி வளர்த்த மரியாதைதான் அக்காவைக் கவிழ்க்கப் பார்த்திருக்கிறது.

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஐயோ, சாப்பாட்டுக் கடைக்கு யாராச்சும் பாயசம் கொண்டு வருவாங்களா? வீட்டு வாசல்ல கருவேப்பிலை இருக்குல்ல? ஒரு கொத்து போட்டுக் கொண்டாங்க, போதும்!"

இப்போது கேஎல் முழுக்கப் 'பசுமை' என்று பலகை மாட்டிய உணவகங்கள் வந்துவிட்டன. கொடுத்தனுப்பிய டப்பா எங்கே இருக்கிறது என்று கைப்பேசியே சொல்லிவிடுகிறது. வசதிதான், நானும் போகிறேன். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அக்கா கடைக்குள் நுழைந்தபோது அடித்த கருவேப்பிலை வாசத்துக்கு ஈடாக எங்கும் எதையும் நான் கண்டதில்லை. சேதி வாய்வழியாகப் பரவி, எலுமிச்சை, பச்சை மிளகாய், பண்டான் இலை என்று டப்பாக்கள் வந்து குவிந்திருந்தன. அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சரக்கோடு வந்த அங்கிளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. மலாய் மொழியில் மன்னிப்புக் கேட்டு, ஒரு சில்வர் டப்பா நிறையச் சோறும் மீன் குழம்பும் வைத்துக் கொடுத்தார். சந்து முனையில் நின்ற லோரி, பிளாஸ்டிக் பெட்டிகளோடு அப்படியே திரும்பிப் போனது.

மறுநாள் மதியம் அங்கிள் மறுபடி வந்தார். டப்பாவை நீட்டினார். அக்கா மூடியைத் திறந்தார்.

உள்ளே இரண்டு ஆரஞ்சுப் பழங்கள்.