மேசையில் ஒரு சீட்டு அதிகம்

இது கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் வெள்ளவத்தைக்கு வந்து பார்க்கலாம். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கை, கீழே சேலைக்கடை, மேலே மூன்றாம் மாடி. கட்டடம் இன்றும் அங்கேதான் இருக்கிறது. இதை எனக்குச் சொன்னவள் சாருஜா. கணக்கில் கெட்டிக்காரி, கோயிலுக்கே வருடத்தில் இரண்டு தடவைதான் போவாள். பேய் பிசாசு என்று வாய் திறக்கிற ஆள் இல்லை. இரவில் வாசிக்க வேண்டாம் என்று உங்களை எச்சரிக்கவும் மாட்டேன். நடந்ததெல்லாம் பட்டப்பகலில்தான்.

அந்த மாடியில் ஒரு மென்பொருள் கம்பனி. அங்கே தன்னையும் சேர்த்து ஆறு பேர் கொண்ட டீம் ஒன்றுக்குச் சாருஜா புதிதாகப் பொறுப்பானாள். அவளுக்கு முன்பிருந்த மஜீட் திடீரென்று வேலையை விட்டுவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு தலை இல்லாமல் கிடந்த டீமில் எல்லா வேலையும் பிந்தியது. இருந்ததோ ஒரேயொரு வாடிக்கையாளர், நோர்வேயில் ஒரு கப்பல் கம்பனி. முதல் நாளே முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"இன்னொருக்கா பிந்தினால் கொன்ட்ராக்ட் போயிடும் பிள்ளை. டீமை மூடவேண்டியதுதான்."

ஆறு பேருடைய சோறு அவள் தலையில் விழுந்தது.

மென்பொருள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வேலைக்கு எத்தனை நாள் எடுக்கும் என்று வாயால் சொல்லமாட்டார்கள். ஒருவர் சொல்வதைக் கேட்டு மற்றவர் மாற்றிவிடுவாராம். அதனால் ஆளுக்கொரு கட்டுச் சீட்டு. மனதில் நினைத்த எண்ணை மேசையில் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒன்றாகப் புரட்ட வேண்டும். ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று. நாலு எங்கே போனது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அரைமணி நேரம் விளக்கம் தருவார்கள். இந்த ஒபிசில் சீட்டுகளை ஒவ்வொருவரும் தாங்களே பிரிஸ்டல் போர்டு அட்டையில் வெட்டி, தங்கள் கையாலேயே எண் எழுதினார்கள். ஆளுக்கொரு நிறம். அகீலுக்குச் செம்மஞ்சள், சாந்தகுமாருக்கு நீலம். சாருஜா வெள்ளை எடுத்துக்கொண்டாள்.

முதல் கூட்டம். வெளியே மழை. முதலாளி வீட்டிலிருந்தபடி, ஒபிஸ் சுவரில் இருந்த திரை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு கைகள் ஆறு சீட்டுகளைப் புரட்டின.

சடக்.

ஒரு மூச்சு விடுகிற நேரம்...

சடக்.

மேசையில் ஏழு சீட்டுகள். ஐந்தும் எட்டுமாக ஆறு. ஏழாவது பச்சை. அதில் மூன்று.

"ஆர் ரெண்டு சீட்டு வச்சது?" சாருஜா சிரித்துக்கொண்டுதான் கேட்டாள்.

ஹற்றனிலிருந்து வந்த சாந்தகுமார்தான் டீமில் சின்னவன். அவன் மெதுவாகச் சொன்னான். "அக்கா, நம்ம யாருகிட்டயும் பச்ச இல்லியே."

திரையில் முதலாளிக்குப் பெரிய எண்கள் எதுவும் கண்ணில் படவில்லை. முதலாளிமாருக்குப் படாது. "மூண்டு நல்லாயிருக்கு. அதையே அனுப்புங்கோ" என்றார்.

கூட்டம் முடிந்து சீட்டுகளைப் பொறுக்கியபோது ஆறுதான் இருந்தன. கண்ணாடி மேசை, ஒன்று ஒளிந்துகொள்ள இடமில்லை. பச்சை இருந்த இடத்தில் மட்டும் சீட்டு அளவுக்கு ஈரம். சாருஜா அதைக் கைக்குட்டையால் துடைத்தாள்.

வேலை மூன்றாம் நாள் முடிந்தது.

அடுத்த கூட்டத்திலும் பச்சை வந்தது. அதற்கடுத்த கூட்டத்திலும் வந்தது. ஒவ்வொரு தடவையும் அது சொன்ன நாளில் வேலை முடிந்தது. நோர்வேக்காரர் வாயெல்லாம் பல்லானார். முதலாளி கேக் வாங்கி அனுப்பினார். ஆட்களும் பயத்தைப் பகிடியாக்கிப் பழகிவிட்டார்கள். சாருஜாவோ அந்த இரண்டாவது சடக்கிற்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினாள். பச்சை மூன்று என்றால் மூன்றுதான். அதற்காக லீவுகளை வெட்டினாள், ஆட்களை இருட்டும் வரை பிடித்து வைத்தாள். சீட்டு சரியாகச் சொல்கிறதா, தான் அதைச் சரியாக்குகிறாளா என்று அவள் ஒரு நாளும் யோசிக்கவில்லை.

பிறகு அகீலின் வேலை வந்தது. கப்பல் கம்பனியின் பழைய கணக்கு முழுவதையும் புதிய இடத்துக்கு மாற்ற வேண்டும். மற்ற எல்லோரும் எட்டு வைத்தார்கள். அகீல் பதின்மூன்று வைத்தான்.

சடக்.

பச்சையில் இரண்டு.

"ரெண்டா? மிச்சம் கஷ்டம் அக்கா. பத்து வருசத்து டேட்டா ஈக்கிது."

"அது இதுவரைக்கும் பிழையாச் சொன்னதில்லை, அகீல்."

அகீல் அந்தச் சீட்டையே பார்த்தான். "சரி. இன்ஷா அல்லாஹ் பாப்பம்."

அவன் வீட்டுக்குப் போகவில்லை. சாருஜா ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தாள், பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் கண்கள் சிவந்து வீங்கியதைக் கண்டாள். கண்டும் பேசாமல் இருந்தாள்.

இரண்டாம் நாள் மதியத்துக்கு முன் அவன் எழுந்தான். "முடிஞ்ச அக்கா. கொஞ்சம் காத்து வாங்கிட்டு வாரன்."

காதில் பாட்டை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். ஒழுங்கை முடிவில் தண்டவாளம். அதற்கு அப்பால் கடல்.

ரயில் ஊதியது.

நீளமாக...

எப்போதும் போல யன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. பாதியில் நின்றன.

ரயில் நின்றுவிட்டது.

கீழே ஆட்கள் கடலைப் பார்த்து ஓடினார்கள்.

அவன் மேசையில் பிளேன்டீ இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

தெஹிவளையில், அவன் உடல் கிடந்த மையத்து வீட்டில், அகீலின் தாய் சாருஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "முடிச்சிட்டேன் உம்மா எண்டு போன்ல சென்னான் மகள். சந்தோசமா ஈந்தான்." சாருஜாவுக்கு நிலம் பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. அவனுடைய பொருட்கள் இருந்த பையைத் தாயின் மடியில் வைத்தாள். செம்மஞ்சள் சீட்டுக் கட்டும் அதற்குள்தான் இருந்தது. தானே எண்ணிப் போட்டாள்.

அடுத்த கூட்டத்தில் சீட்டு வேண்டாம் என்று கெஞ்சினாள். திரையில் முதலாளி மறுத்துவிட்டார். "நல்லாப் போற முறையை ஏன் மாத்துறது?"

சாந்தகுமாரின் வேலை. இப்போது ஐந்து பேர். ஐந்து சீட்டுகள், அவனுடைய நீலமும் சேர்த்து.

சடக்.

யாரும் மூச்சு விடவில்லை.

...

சடக்.

பச்சை இல்லை.

செம்மஞ்சள்.

அகீலின் கையெழுத்து. அவன் எப்போதும் அடியில் கோடு போட்டு எழுதுகிற அதே எண், 'ஒன்று'. சீட்டைச் சுற்றி ஈரம்.

"ஒண்டா? நல்லது" என்றார் முதலாளி.

சாருஜா வெளியே ஓடி, படிக்கட்டில் நின்று கட்டாருக்குப் போன் எடுத்தாள்.

"மஜீட் நானா, பச்சைச் சீட்டு ஆருடையது?"

"ஹமீமாட. எங்கட டீம்ல ஈந்த புள்ள. மௌத்தாகிட்டா."

"உங்கட காலத்திலயும் அதுதான் வந்ததோ?"

"இல்ல தங்கச்சி. அப்ப வந்த மஞ்சள். அது யார்ட எண்டு எனக்குத் தெரியா. மஞ்சள் ஹமீமாட வேலைக்கு மூணு காட்டின. மூணாம் நாள் வேலையும் முடிஞ்ச, அவவும் முடிஞ்ச. அடுத்த கூட்டத்துல அவட பச்சை வந்த. அண்டைக்கே நான் லெட்டர் குடுத்த." அவர் குரல் தாழ்ந்தது. "இப்ப யாருக்கு வந்தீக்கி?"

சாருஜா மேலே ஓடினாள்.

சாந்தகுமார் மடிக்கணினிக்குள் குனிந்திருந்தான். "ஒரு நாள்தானேக்கா. ஆரம்பிச்சுட்டேன்."

அவள் அதைப் பிடித்து மூடினாள். முதலாளி திரையில் கத்தினார். அவள் திரையையும் நிறுத்தினாள். சாந்தகுமாரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட்டோவில் ஏற்றி, கொட்டாஞ்சேனையில் தன் வீட்டுக்குக் கொண்டுபோனாள். அவன் சாப்பிட்டான், தூங்கினான், டீவி பார்த்தான். அவள் கதிரையைப் போட்டு அவன் முன்னால் இருந்தாள். கண் மூடவில்லை. மறுநாள் பொழுதுபட அவனை ஹற்றன் பஸ்ஸில் ஏற்றினாள். பஸ் மறைந்த பிறகு தெருவில் நின்றே அழுதாள்.

அந்தக் கிழமையே வேலையை விட்டாள். போன் இலக்கத்தை மாற்றினாள். ஒபிஸ் ஆட்கள் ஒருவரோடும் அவளுக்குத் தொடர்பில்லை. இப்போது கொட்டாஞ்சேனையில் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கிறாள். "அகீலை நான்தான் கொன்றனான். ஆனால் மற்றவனைக் காப்பாத்திட்டன்" என்றாள் என்னிடம். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

நான் அதோடு விட்டிருக்கலாம். மனம் கேட்கவில்லை. போன மாதம் அந்த மூன்றாம் மாடிக்கு ஏறினேன். டீமைத் தர்ஷன் என்ற ஒருவர் நடத்துகிறார். நல்ல மனிதர், தேத்தண்ணீர் தந்தார். கூடுதலாக ஒரு சீட்டு வருமா என்று கேட்டேன். சிரித்தார்.

"ஓம், வரும். ஆரோ பகிடிக்கு வைக்கினம். ஆனா நாட்கணக்கு பிசகாது."

"சாந்தகுமார் என்று ஒரு பையன்..."

"அவனைத் திருப்பிக் கூப்பிட்டம். பாதியில நிண்ட ஒரு நாள் வேலை ஒண்டு கிடந்தது. அதை அவன்தான் முடிச்சுத் தந்தவன்." தர்ஷன் யன்னல் பக்கம் பார்த்தார்.

இப்போது கூடுதலாக வரும் சீட்டு என்ன நிறம் என்று கேட்டேன்.

"நீலம்" என்றார்.

சாருஜாவிடம் இதை நான் இன்னும் சொல்லவில்லை.