சந்திரவல்லியின் எலுமிச்சம்பழம்

போடிநாயக்கனூரில் பிறந்து, அங்கேயே வாக்கப்பட்டும் சந்திரவல்லிக்கு ஊரின் மத்தியானம் தெரியாது. விடிந்தும் விடியாமலும் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்பு அவளை மலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விடும். சாயங்காலம் திரும்பும்போது அலுப்பில் கண் சொருகிவிடும். ஆக, காலையில் ஜீப்பிலிருந்து பார்க்கிற ஊர்தான் அவளுக்கு ஊர். கடைகளை அவள் ஷட்டரின் நிறத்தை வைத்தே அடையாளம் வைத்திருந்தாள். பச்சை ஷட்டர் செருப்புக்கடை, துருப்பிடித்தது பாத்திரக்கடை. ஞாயிற்றுக்கிழமை பகலில் எல்லாம் திறந்து கிடந்தால், சொந்த ஊரிலேயே நின்று வழி கேட்பாள்.

பார்த்தே ஆகவேண்டும் என்கிற ஆவல் அவளோடு கூடப்பிறந்தது. வம்பு என்று சொல்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். வம்பென்றால் யாரையாவது குறை சொல்லவேண்டுமே? இவளுக்குத் தெரிந்தால் போதும். யார் புது வீடு கட்டுகிறார்கள், எந்த மாந்தோப்பில் பிளாட்டுக் கல் நட்டிருக்கிறார்கள், நேற்றுவரை சைக்கிள் கடையாக இருந்த இடத்தில் எப்படி ஒரே ராத்திரியில் ஜிம் வந்தது என்று பார்த்துச் சொல்லிக்கொண்டே வருவாள்.

இதற்கெல்லாம் ஜீப்பில் தோதான இடம் ஒன்றுதான். பின்னால் எதிரெதிராக இரண்டு நீள சீட்டு. பக்கமெல்லாம் தார்ப்பாய் மூடியிருப்பதால், திறந்து கிடக்கும் பின்வாசல் ஓரத்தில் உட்கார்ந்தால்தான் வெளியே எதுவும் தெரியும். ஒரு பக்க ஓரம், ஆள் கூட்டிப்போகிற சோலையம்மாளுக்கு. மறு பக்க ஓரம், கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு. எல்லா ஜீப்பிலும் வழக்கம் இதுதான்.

சந்திரவல்லிக்கு எந்த வளைவிலும் எதுவும் செய்ததில்லை. ஆனாலும் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே, "எனக்கு வளைவு ஆகாது" என்று ஒரு போடு போட்டு அந்த இடத்தைப் பிடித்துவிட்டாள். அன்றிலிருந்து கையில் ஓர் எலுமிச்சம்பழம், இடுப்பில் மடித்த பிளாஸ்டிக் பை. பழம் வாரக்கணக்கில் வரும். பை கிழிந்தால் ஒழிய மாறாது.

"காசு குடுத்து மலை ஏற வந்திருக்காக பாரு," என்பாள், குரங்கணிக்கு வழி கேட்டு நிற்கிற வெளியூர்ப் பிள்ளைகளைக் காட்டி. "நமக்கு யாராச்சும் காசு குடுத்தாத்தான் ஏறுவோம்." ஜீப்பே சிரிக்கும். சிரித்து முடிப்பதற்குள் ரெண்டு வளைவு போயிருக்கும்.

இந்த வருஷம் அவளைப் பாடாய்ப் படுத்தியது ஊர்க்கோடியில் எழும்பிய ஒரு வீடு. மாடியில் சோற்றுத்தட்டைச் சுவரில் பதித்ததுபோல ஒரு வட்ட ஜன்னல். யார் கட்டுகிறார்கள் என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. வெளியூர்ச் சம்பாத்தியம் என்றார்கள், ஏலக்காய் வியாபாரி என்றார்கள். பெயிண்டு அடித்தாயிற்று. குடி வருவதுதான் பாக்கி. அந்த ஜன்னலில் தெரியப்போகிற முதல் முகத்தை ஒரு நாள் தவறாமல் தேடிக்கொண்டிருந்தாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தேவி வந்து சேர்ந்தாள். ராசிங்காபுரத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த சின்னப்பெண், மலையே ஏறாதவள். முதல் நாளே உள்ளே உட்கார்ந்து மடியில் வாந்தி எடுத்தாள். மறுநாளும் அப்படித்தான். பெண்கள் எல்லோரும் ஓரத்து இடத்தைப் பார்த்தார்கள். "என்ன செய்ய, சந்திரவல்லிக்கும் ஆகாதே" என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சந்திரவல்லி பழத்தை முகர்ந்தபடி வெளியே பார்த்தாள்.

மூன்றாம் நாள் வண்டியை விட்டு இறங்கும்போது தேவி வெளுத்துப்போயிருந்தாள். "பரவால்லக்கா," என்றாள் அவளாகவே. "உங்களுக்கும் முடியாதுல்ல. என்னால நீங்க அவதிப்பட வேணாம்."

திட்டியிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். அன்று முழுக்கச் சந்திரவல்லிக்கு வேலையே ஓடவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் காலை, தேவியைப் பிடித்து ஓரத்தில் உட்காரவைத்தாள். "எனக்கு இப்பத் தேவலை. இந்தா" என்று பழத்தையும் கொடுத்துவிட்டு, டிரைவர் ஜக்கையன் முதுகுக்குப் பின்னால் போய் ஒடுங்கினாள். முழங்கால்களும் தூக்குவாளிகளும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. வண்டி ஊர்க்கோடிக்கு வந்ததும் பொறுக்கமுடியவில்லை.

"ஏத்தா தேவி, வட்ட ஜன்னல் வீட்டு வாசல்ல வாழைமரம் கட்டிருக்கான்னு பாரு."

"கண்ணை மூடிருக்கேன்க்கா," என்றாள் தேவி பரிதாபமாக.

மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மலை ஆரம்பித்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. சந்திரவல்லிக்கு வாயில் உமிழ்நீர் ஊறியது. காது அடைத்தது. பையை எடுக்க இடுப்பில் கை வைத்தாள். அது மடித்து மடித்து ஒட்டிப்போயிருந்தது, பிரியவே இல்லை. கைக்கு எட்டியதை இழுத்து வாயில் பொத்திக்கொண்டாள்.

"யக்கா, அது என் துண்டு," என்றான் ஜக்கையன்.

வண்டி ஓரங்கட்டி நின்றது. இறக்கி உட்காரவைத்து, சோலையம்மாள்தான் தண்ணீர் ஊற்றினாள். சந்திரவல்லி கண்ணில் நீர் முட்ட, "இத்தனை வருசமும் நான் சும்மாதான்க்கா சொன்னேன்," என்றாள்.

"தெரியும்," என்றாள் சோலையம்மாள். "வாந்தி எடுக்கிறவ எவளாச்சும் அத்தனை பேச்சுப் பேசுவாளா? நீ பேசினா எனக்கு வயித்தைப் பொரட்டுறது தெரியாது. அதான் விட்டுட்டேன். எனக்குந்தான் ஆகாது."

சந்திரவல்லி வாயைத் துடைப்பதை மறந்து அவளைப் பார்த்தாள். ஊரையே பார்த்தவள், எதிரே உட்கார்ந்திருந்தவளைப் பார்க்கவில்லை.

மறுநாள் சோலையம்மாள் தன் ஓரத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். "உக்காரு. ஆனா வாயை மூடக்கூடாது."

ஓரத்துக்கு ஒருத்தியாகத் தேவியும் அவளும், ஒரே எலுமிச்சம்பழம். ஊர்க்கோடி வந்தது. வாசலில் முந்தின நாள் கட்டியிருந்த வாழைமரம் வாடியிருந்தது. மேலே வட்ட ஜன்னல் திறந்திருந்தது. வாயில் பிரஷ்ஷோடு ஒரு பெண், நுரை வழிவதும் தெரியாமல், கழுத்தை நீட்டி ஜீப்புக்குள் இருந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். சந்திரவல்லி தன்னையறியாமல் சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள்.

"யாருக்கா அது?" என்றாள் தேவி, ஒரு கண்ணைத் திறந்து.

"தெரியலை," என்றாள் சந்திரவல்லி. அதைச் சொல்லும்போது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். "ஆனா நம்ம ஆளுதான்."