பாதி சுருட்டும் ஆசை

பழவேற்காட்டில் எங்களுக்கு ஒரு சிறிய பாய்மரப் படகு இருக்கிறது. கொரட்டூரில் மாதத் தவணை வீட்டில் வாழ்பவனுக்கு எதற்குப் படகு என்று கேட்பார்கள். ஐம்பதை நெருங்கும்போது சிலர் மாரத்தான் ஓடுகிறார்கள், நான் உட்கார்ந்து செய்யக்கூடியதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன் என்பேன். வெளிநாடு போன ஒருவர் விற்றுவிட்டுப் போன பழைய ஃபைபர் படகு. இரண்டு பேர் முதுகை வளைத்துப் படுக்க அதில் ஓர் அறை உண்டு. நான் அதை கேபின் என்பேன். என் மனைவி அலமாரி என்பாள்.

உட்கார்ந்து செய்வது என்பது பாதிதான் உண்மை. படகின் முன்புறம் முக்கோணமாக நிற்கும் முன்பாயை இறக்க, யாராவது படகின் மூக்குவரை ஊர்ந்து போய்க் கையால் இழுத்தாக வேண்டும். போன வருடம் ஒரு பிற்பகல், காற்று திடீரென்று ஏறியபோது நான் போனேன். பாய் முகத்தில் அறைந்தது, கால் வழுக்கியது. கொஞ்ச நேரம் என் மேல்பாதி படகுக்கு வெளியே தொங்கிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தது. பின்னால் சுக்கான் பிடித்திருந்த மனைவிக்கு என் கால்கள் மட்டும் தெரிந்தனவாம். கரைக்கு வந்ததும் அவள் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இனிமே நீங்க முன்னாடி போற மாதிரி இருந்தா நான் ஏற மாட்டேன். நீங்க தனியாவும் போகக் கூடாது" என்றாள்.

இரண்டு வாக்கியங்களையும் கூட்டிப் பார்த்தால் படகை விற்க வேண்டும் என்று விடை வந்தது.

தப்பிக்க ஒரே வழி, பாயைச் சுருட்டும் கருவி. கீழே ஓர் உருளை, உச்சியில் சுழலும் ஒரு முனை. பின்னால் உட்கார்ந்தபடி கயிற்றை இழுத்தால் முன்பாய் கோரைப்பாய் போலத் தன்னைத்தானே சுருட்டிக்கொள்ளும். இதில் இரண்டு வகை. ஒன்றில், பாய் ஓர் அலுமினியக் குழாயைச் சுற்றிச் சுருளும். காற்று அதிகமானால் பாதி சுருட்டிவிட்டு மீதியில் ஓட்டலாம். மற்றதில் குழாய் கிடையாது. முழுதாக விரியும், முழுதாகச் சுருளும், பாதி என்ற பேச்சே இல்லை. விலையும் அதற்கேற்ப மலிவு.

எனக்குப் பாதி சுருட்ட ஆசை. மாதக்கணக்கில் இணையத்தில் குளிர்நாட்டு மாலுமிகளின் சண்டைகளைப் படித்தேன். என் சர்க்கரை அளவைவிட உருளைகளின் பேரிங் பற்றி எனக்கு அதிகம் தெரிந்தது. ஆனால் குழாய் வைத்த கருவிக்கு, சுங்க வரியும் சேர்த்தால், இன்னொரு பழைய படகே வாங்கிவிடலாம். ஆகவே அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் கடை ஷட்டர் செய்யும் ஒருவரிடம் போனேன். நான் வரைந்து கொண்டுபோன படங்களை அவர் தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தார்.

"இது ஷட்டர்தான் சார். படுத்துகினு கீறத நிக்க வெச்சா முடிஞ்சிது."

உச்சி முனைக்கும் பேரிங் வேண்டுமே என்றேன்.

"மேல இன்னா வெயிட்டா கீது? சும்மா சுத்தப் போவுது. வேஸ்ட்டு சார்."

மாதக்கணக்கில் படித்த நான், செலவு குறைகிறது என்றதும் அவர் சொன்னதே சரி என்று கண்டுகொண்டேன்.

கருவி வந்தது. கடலுக்கு முன் கொரட்டூரிலேயே சோதித்துவிடலாம் என்று மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கீழே பார்க்கிங் தூண்வரை, படகில் இருப்பதுபோலவே, கம்பியைச் சாய்வாக இழுத்துக் கட்டி, குழாயை மாட்டிப் பாயை ஏற்றினேன். கீழே உருளைக் கயிற்றோடு மனைவி நின்றாள். வாசலில் வண்டி போட்டிருக்கும் இஸ்திரிக்காரர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

"இன்னாண்ணாத்தே, இம்மாம் பெரிய வேட்டி எந்தூட்டுது? என்னாண்ட குடுத்துடாத, கை போயிடும்."

அந்த நேரம் பார்த்து ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது. பாய் புடைத்தது. மனைவி இழுத்தாள். அழகாகப் பாதிவரை சுருண்டது. பிறகு நின்றுவிட்டது. சும்மா சுற்றப் போவதாகச் சொல்லப்பட்ட உச்சி முனை சுற்றவில்லை. பாயை ஏற்றிய கயிறுதான் கம்பியோடு முறுக்கிக்கொண்டது. மீதிப் பாய் இரண்டாம் மாடி பால்கனியைப் படபடவென்று அடித்தது. யாருடைய துண்டோ பறந்தது. முறுக்கை அவிழ்க்க நான் கைப்பிடிச் சுவரின்மேல் குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன்.

"ஏங்க, அங்கேருந்து இறங்குங்க."

குனிந்து பார்த்தேன். கீழே அவள் முகம், படகில் இருந்த அதே முகம். அன்றைக்கு அவள் பார்த்தது என் கால்கள், இன்றைக்கு என் தலை. அவ்வளவுதான் வித்தியாசம். இறங்கிவிட்டேன். காற்று அடங்கும்வரை இருவரும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம்.

"பாதி சுருட்டணும்னு யாரு கேட்டா?" என்றாள்.

"காத்து அதிகமா இருந்தா, பாதிப் பாய்ல..."

"அதிகமா இருந்தா கரைக்குப் போவோம். முழுசா சுருளணும், நடுவுல நிக்கக் கூடாது. எனக்கு அவ்ளோதான் வேணும்."

இப்படி ஒரு கேள்வியை அந்தக் குளிர்நாட்டு மாலுமிகளில் ஒருவர்கூடக் கேட்டிருக்கவில்லை. அவளுக்கு என்ன வேண்டும் என்று நானும் கேட்டிருக்கவில்லை.

குழாய் இல்லாத, மலிவான, எளிய வகையையே வாங்கினோம். உச்சி முனையில் பேரிங் இருந்தது. மொத்தமும் ஒரு டிபன் கேரியரில் அடங்கும். எஸ்டேட்டில் செய்த கருவியை இஸ்திரிக்காரர் கேட்டு வாங்கி வண்டிக்கு மேல் மறைப்புத் துணி சுருட்ட மாட்டிக்கொண்டார். படுக்கவைத்த நிலையில் அது எங்கே நிறுத்தினாலும் நிற்கிறது, பாதியிலும்.

பழவேற்காட்டில் முதல் நாள் அவள் படகில் ஏறியதும் சுருட்டும் கயிற்றைத் தன் பக்கம் கட்டிக்கொண்டாள். நான் சுக்கானில். மதியத்துக்குமேல் தெற்கே தண்ணீர் கறுத்து வந்தது, காற்று ஏறப்போகிறது என்று அர்த்தம். இது நிலைக்குமா, அடங்கிவிடுமா, இன்னும் கொஞ்சம் பார்க்கலாமா என்று நான் கற்றதையெல்லாம் வரிசையாக யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் யோசிக்கவில்லை. இழுத்தாள். முன்பாய் கடைசி முழம்வரை சுருண்டு ஒரு குச்சியாக நின்றது.

"சரி, திருப்புங்க" என்றாள்.

திருப்பினேன். படகின் மூக்கில் யாரும் இல்லை. அவள் பையைத் திறந்து தயிர்சாதத்தை எடுத்தாள்.