கொரடாச்சேரிக்குப் பக்கத்தில் ஒரு வரிசை எண்

காலை 7.10. தஞ்சாவூர்ப் புதிய பேருந்து நிலையத்தில் திருவாரூர் பேருந்து ஏறினேன். கொரடாச்சேரிக்கு முப்பத்தைந்து ரூபாய். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் நாற்பது நிமிடம் நின்றோம். பக்கத்து இருக்கைக்காரர் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தார். "கேட்டைச் சேர்த்துக் கணக்குப் போடாம கிளம்பினா அது நம்ம தப்புங்க" என்றார். மேட்டூர் அணை இன்னும் திறக்கவில்லை. வெண்ணாற்றில் மணல் மட்டும் கிடந்தது. குறுவைக்கு நாற்று விட்டவர்கள் ஆழ்குழாய்த் தண்ணீரை நம்பியிருந்தார்கள்.

9.20. கொரடாச்சேரியில் இளங்கோ மோட்டார் சைக்கிளுடன் காத்திருந்தார். வேளாண் பொறியியல் துறையில் உதவிப் பொறியாளர், முப்பது வயதிருக்கும். சூரிய மின்சார பம்புத் திட்டத்தைப் பார்த்து எழுதத்தான் வந்திருந்தேன்.

விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். இணைப்பு கிடைக்க மட்டும் வருடக்கணக்கில் வரிசை. இலவசமாகப் போகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் யாரோ விலை கொடுத்தாக வேண்டும்; அரசு கொடுக்கிறது, ஆண்டுதோறும். பேனலுக்கு ஒரு தடவை மானியம் கொடுத்தால் போதும். அதனால் ஒரு நிபந்தனை: சூரிய பம்பு வேண்டுமென்றால் இலவச இணைப்பு வரிசையில் உள்ள இடத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதிக் கொடுத்து, பதிவு செய்த அசல் ரசீதையும் ஒப்படைக்க வேண்டும்.

"அஞ்சு மணிக்குள்ள ஒரே ஒரு கையெழுத்து சார். இல்லேன்னா இந்த ஒதுக்கீடு வேற ஒன்றியத்துக்குப் போயிடும்" என்றார் இளங்கோ.

10.05. தெற்கே ஆறு கிலோமீட்டர். கையெழுத்துப் போட வேண்டியவர் எஸ்தர். கணவர் இறந்துவிட்டார். நில உச்சவரம்புச் சட்டத்தில் மாமனாருக்குக் கிடைத்த மூன்று ஏக்கர். நாற்றங்காலில் நாற்றின் நுனி சிவக்கத் தொடங்கியிருந்தது. ஆழ்குழாய் உண்டு, மின் இணைப்பு இல்லை. பக்கத்து வயல் மாரிமுத்துவிடம் இணைப்பு இருக்கிறது. தன் வயல் நனைந்த பிறகு எஸ்தருக்குத் தண்ணீர் விடுவார்.

"அவர் மோட்டார்லேருந்தே ஒரு வயர் இழுத்தால் என்ன?" என்று கேட்டேன்.

"வரப்பைத் தாண்டிக் கரண்ட் போனா கேஸ் சார். தண்ணி போனா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் இளங்கோ.

"சீக்கிரம் போடுங்கக்கா. எங்க வாய்க்காலுக்கு விடுதலை கிடைக்கட்டும்" என்றார் மாரிமுத்து.

"உன் தண்ணிக்கு நான் நாலு வருஷமா கூலியில்லாம உன் நடவுக்கு வரேன். விடுதலை யாருக்குடா?" எஸ்தர் சிரிக்காமல் சொன்னார்.

பிளாஸ்டிக் உறையிலிருந்து ரசீதை எடுத்தார். பதினான்கு வருடத்துக்கு முன் மின்வாரியத்திலிருந்து வந்து பார்த்தவர் அதன் பின்பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்தார்: சர்வே எண், ஆழ்குழாய் உள்ளது, நடவு முடிந்துள்ளது, சாகுபடி செய்பவர் இன்னார். அது கணவர் பெயர். இப்போது நிலத்தை முன்பு வைத்திருந்த மிராசுதாரின் வாரிசுகள் திருவாரூரில் வழக்குப் போட்டிருக்கிறார்கள். பட்டா வெறும் காகிதமாம். நிலம் என்றைக்கும் தங்கள் சாகுபடியில்தான் இருந்ததாம். அப்படி இல்லை என்று சொல்லும் தாள்களில் இதுதான் மிகப் பழையது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். விசாரணை அடுத்த வாரம்.

"இதைக் குடுத்துட்டு பம்பு வாங்கினா, பம்பை எந்த நிலத்துல வைக்கிறது தம்பி?"

"ஜெராக்ஸ் வச்சுக்கங்கம்மா."

"அசல் எங்கேன்னு ஜட்ஜ் கேட்டா உங்களைக் கைகாட்டவா?"

இளங்கோ மேலதிகாரிக்கு போன் செய்தார். அசல் இல்லாமல் கோப்பு நகராது என்று மதியத்துக்கு மேல்தான் பதில் வந்தது. மூன்றேகாலுக்கு, பம்புகளுக்கு விடும் மும்முனை மின்சாரம் நின்றது; மாரிமுத்துவின் மோட்டார் அடங்கியது. அன்றைக்கு எஸ்தரின் முறை வரவில்லை. வெயில் மட்டும் குறையாமல் அடித்தது. நான் நான்கைந்து தடவை கடிகாரம் பார்த்தேன். எஸ்தர் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

3.50. "நான் விட்டுக்குடுக்கறேன்னா, அது என்கிட்ட இருந்திருக்கணும்ல? அதை எழுதிக் குடுங்க."

"ஃபார்ம்ல அதுக்குக் கட்டம் இல்லம்மா."

"வெள்ளைத் தாள் இருக்குல்ல?"

இளங்கோ பெட்ரோல் டேங்க்மேல் தாளை வைத்து எழுதினார். ரசீது எண், சர்வே எண், பார்வையிட்ட நாள், பின்பக்க வாசகம் ஒரு சொல் விடாமல், அசல் பெற்றுக்கொள்ளப்பட்டது, அவர் கையெழுத்து, முத்திரை. எஸ்தர் விரல் வைத்து வாய்விட்டுப் படித்தார். 'மேற்படி நிலம்' என்ற இடத்தில் விரல் நின்றது. "சாகுபடி நிலம்னு போடுங்க." அடித்துத் திருத்தி, திருத்தத்துக்கு அருகிலும் கையெழுத்துப் போட்டார் இளங்கோ. அதற்குப் பிறகுதான் எஸ்தர் படிவத்தில் போட்டு, ரசீதைக் கொடுத்தார். மணி 4.25.

மாலை 6.40. நீடாமங்கலம் கேட் மறுபடி மூடியிருந்தது. திருத்திய அந்தத் தாள் நீதிமன்றத்தில் நிற்குமா என்று இளங்கோவிடம் கேட்டிருந்தேன். "தெரியாது சார். கூப்பிட்டா போய்ச் சொல்லித்தான் ஆகணும்" என்றார். சென்னையில் என் வீட்டு மின் கட்டண அட்டை ஃபிரிட்ஜ்மேல் எங்கோ கிடக்கிறது. தொலைந்தும் போயிருக்கலாம். நான் அங்கே குடியிருக்கிறேன் என்பதை இதுவரை யாரும் மறுத்ததில்லை.