தொட்டி நிறையட்டும் என்று காத்திருந்தவர்

இதை நிலையத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்துகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுகின்றன; பொறுத்துப் படியுங்கள். இந்த வயதில்தான் எழுதக் கற்றேன். ஒருவரைப் பற்றி நானே எழுதுகிறேன் என்பதில் அத்தனை சந்தோஷம். அது சாவுச் செய்தியாகிவிட்டதே! செவ்வாய்க்கிழமை காலை கணேசன் போனில், "அண்ணாச்சி, நம்ம ஜெசிந்தா மேடம் போயிட்டாங்க" என்றான்.

தாமிரபரணிக் கரையிலுள்ள இந்தக் குடிநீர் நிலையத்தில் நான் வால்வு பார்த்தேன். கணேசன் பம்பு ஓட்டினான். மீட்டர்களைக் கவனிக்க உவரிக் கடற்கரையிலிருந்து வந்த பொறியாளர் ஜெசிந்தா அம்மா.

வந்த அன்றே, "அண்ணாச்சி, இந்தத் தொட்டியில மீன் கெடக்கா?" என்று கேட்டார்கள்.

"கெடந்தா நீங்க வாறதுக்குள்ள கொழம்பு வச்சிருக்க மாட்டோமா?" என்றேன்.

தொட்டியின் நீர்மட்டம் காட்டும் மீட்டர் பம்பு அறையில் இருந்தது. பெரிய அதிகாரி தம் அறைக்கும் ஒன்று கேட்டார். அவருக்கு வைத்தால் அடுத்த அறைக்காரர் சும்மா இருப்பாரா? அதே கம்பியில் இரண்டையும் ஜெசிந்தா அம்மா சேர்த்தார்கள். பாதித் தொட்டியில் சோதித்தார்கள். மூன்றும் ஒன்றுபோலக் காட்டின. புது மீட்டர்களுக்குச் சந்தனம்கூட வைத்தோம்.

மறுநாள் தொட்டியடிக் குழிக்குள் இறங்கி வால்வைத் திருகிக்கொண்டிருந்தேன். தொட்டி நிறைந்து வழிந்து, தண்ணீர் குழிக்குள் கொட்டியது. வெளியேற ஒரே வாய். அங்கே போகும் இரும்பு ஏணி கொட்டும் நீருக்குள் மறைந்துவிட்டது. கத்தினேன். பம்புச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? இடுப்புக்கு வந்த தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. சுவரைத் தடவிக்கொண்டே நின்றேன். நான்கு பக்கமும் சுவர்தான்.

மேலே நடந்ததைக் கணேசன் பிறகு சொன்னான். பம்பு அறைக்குள் வந்த ஜெசிந்தா அம்மா, "முள்ளு ஏன் முக்காலுலயே நிக்கு?" என்றார்களாம்.

"இன்னும் கால் பங்கு இடம் கெடக்குல்லா மேடம்."

"பம்பு ஓடுது, முள்ளு ஏறல. அப்ப தண்ணி எங்கன போவுது?"

"ஐயோ, அண்ணாச்சி குழிக்குள்ள இருக்காவ!"

பாய்ந்து பம்பை நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள். குழி வாயில் ஜெசிந்தா அம்மா முழங்காலிட்டுக் கையை நீட்டினார்கள். அந்தக் கையைப் பிடித்துத்தான் ஏறினேன்.

அன்று எல்லார் முன்னிலையிலும், "தப்பு என்னுது" என்றார்கள். எனக்கும் விளக்கினார்கள்: "ஒவ்வொரு மீட்டரும் கொஞ்சம் வோல்ட்ட எடுத்துக்கிடும், அண்ணாச்சி. தொட்டி நெறைய நெறைய கம்பியில கரண்டு கூடும். மீட்டருவ எடுக்கதும் கூடும். தொட்டியில கெடக்க கருவிக்கு மிச்சம் காணாது. அதான் முக்காலுக்கு மேல சொல்ல முடியாம நின்னுபோச்சு."

கம்பிக்குக் கரண்டு கொடுக்கும் பெட்டியை எடுத்துவிட்டு, கூடுதல் வோல்ட் தரும் பெட்டியை வைத்தார்கள். அதன்பின் எந்தக் கருவியைச் சேர்த்தாலும், முள் உச்சிக்குப் போவதைக் கண்ணால் பார்க்காமல் கிளம்ப மாட்டார்கள். சோற்றுப் பாத்திரத்தோடு தொட்டியோரம் உட்கார்ந்திருப்பார்கள். நேரமாயிற்று என்றால், "கொறஞ்ச தண்ணியில எல்லாம் சரியாத்தான் காட்டும். நெறையட்டும்" என்பார்கள்.

உவரிக் கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் ஒரு பிடி மண் போட்டார்கள். என் முறை வந்தது. கீழே பெட்டி தெரிந்தது. அவர்கள் கணவர், "போடுங்க அண்ணாச்சி" என்றார். முழங்காலிட்டுக் குனிந்து, எட்டும் மட்டும் கையை நீட்டினேன். மண் தூவுகிறேன் என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

போய் வாருங்கள், அம்மா.